தடைக்காலத்து மொய்

அத்தியாயம் 11

குடிவந்து மூன்று வருஷம் ஆன வீட்டுக்குப் புதுமனைப் புகுவிழா நடத்துகிறவளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? விம்கோ நகரில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், இரண்டாவது மாடியில் ஒருத்தி இருக்கிறாள். நம் மங்கைதான்.

போன வாரம் அவள் பத்திரிகை கொடுக்கப் போன கூத்தைப் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். வங்கி பதினைந்து வருஷத்துக்குக் கொடுத்த வீட்டுக் கடனை ஏழே வருஷத்தில் அடைத்துவிட வேண்டும் என்று மங்கை ஒற்றைக் காலில் நிற்கிறாள். காரணம், புருஷன் அன்பரசனின் முதுகு. அவன் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து திரும்பியபோது முதுகு பிடித்துக்கொண்டு, இரண்டு பேர் சேர்ந்துதான் அவனைச் சீட்டிலிருந்து இறக்கினார்கள். அன்றோடு தூர லோடு கூடாது என்று மங்கை நிறுத்திவிட்டாள். இப்போது துறைமுகத்துக்கும் கன்டெய்னர் அடுக்கும் யார்டுக்கும் நடுவில் ஓடுகிற சில்லறை டிரிப்தான். அந்த முதுகு நிற்பதற்குள் கடன் நின்றுவிட வேண்டும். அவளுடைய கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்குக்குள்தான் வீடு மூச்சு விடுகிறது. ஆட்டுக்கறி கிடையாது. மீன் என்றால் மலிவான பொடிமீன் காரப்பொடியைத் தாண்டமாட்டாள். ஒரு அறையில் ஃபேன் ஓடினால் இன்னொரு அறையில் ஓடாது. மங்கை தேரடிப் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். அடுத்தவர் கூடையில் என்னென்ன போகிறது என்று நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, தன் கையில் ஒரு கறிவேப்பிலைக் கொத்தோடு வீடு திரும்புகிறவள்.

வருஷா வருஷம் மே மாதத்தில், மிச்சம் பிடித்ததை மொத்தமாகக் கொண்டுபோய் அசலில் கட்டுவது வழக்கம். இந்த வருஷம் ஒன்றேகால் லட்சம் சேர்ந்திருந்தது. பேசாமல் கட்டியிருக்கலாம். அங்கேதான் அவளுக்கு மூளை வேலை செய்தது.

அன்பரசனின் சொந்தமெல்லாம் காசிமேட்டுக் குப்பத்தில். கல்யாணமான நாளிலிருந்து அங்கே ஒரு காதுகுத்து, ஒரு கல்யாணம் விடாமல் போய் மொய் வைத்திருக்கிறான். பதிலுக்கு இவர்கள் வீட்டில் ஒரு விசேஷமும் நடக்கவில்லை. குடிவந்த அன்றைக்குக்கூட ஒரு பாக்கெட் பாலைக் காய்ச்சி மூன்று பேரும் குடித்ததோடு சரி. நம் பணம் குப்பம் முழுக்கச் சும்மா கிடக்கிறதே என்று மங்கைக்கு உறைத்தது. ஒரு விருந்து வைத்தால் ஒன்றேகால் மூன்றாகத் திரும்பும். அதை அப்படியே வங்கியில் கட்டிவிடலாம்.

தேதியையும் அவளே பார்த்தாள். மே மாத ஞாயிறு. விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம். ஆண்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், ஒருத்தர் விடாமல் வருவார்கள் என்று நினைத்தாள்.

ஒருத்தர் விடாமல் வந்தார்கள்.

காலையிலேயே மாடிப்படி நிறைந்துவிட்டது. மொட்டை மாடியில் ஷாமியானா, கீழே இரண்டாவது மாடி வாசலில் பன்னீர்ச் செம்போடு மகள் வினிதா. பிளஸ் டூ முடித்து ரிசல்ட்டும் வந்துவிட்ட பெண். அம்மாவின் கல்யாணப் புடவையைச் சுற்றிக்கொண்டு, வருகிறவர்கள் கிண்டலையெல்லாம் முதல் ஆளாக வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா வினிதா, கார்டுல புது மனைன்னு போட்டுகீது. படிக்கட்டு செவுத்துல மூணு வருசத்துக் கரி அப்பிகினு கீது" என்றார் கோதண்டம். அன்பரசனின் அக்கா குப்பம்மாவின் வீட்டுக்காரர், விசைப்படகில், பிடிபடுவதில் ஒரு பங்குக்காகக் கடலுக்குப் போகிறவர்.

"உள்ள வந்து பாருங்க மாமா. ஹால் மட்டும் புதுசு" என்றாள் வினிதா.

பெண் பொய் சொல்லவில்லை. மங்கை ஹாலுக்கு மட்டும்தான் பெயின்ட் அடித்திருந்தாள். படுக்கையறைக் கதவுகள் இரண்டும் சாத்தியிருந்தன.

கோதண்டத்துக்குப் பின்னால் குப்பம்மா மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தாள். காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்கிறவள். வினிதாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, இடுப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு நோட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இது என்னுது. எல்லாம் முடிஞ்சப்பறம் உங்கம்மா கைல குடு."

"கவர்ல போட்டு அம்மாகிட்டயே குடுங்க அத்தை."

"அதுவும் குடுப்பேன். நீ இத்த வெச்சிக்க" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் மேலே போனாள். வினிதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நோட்டைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டாள்.

மங்கைக்கு முதல் இரண்டு மணி நேரம் கால் தரையில் பாவவில்லை. வருகிறவர்களின் கையில் இருந்த கவர்களையெல்லாம் ஒரு தலையணை உறையில் வாங்கி வாங்கிப் போட்டாள். உறை கனக்கக் கனக்க அவள் வாய் நிறையச் சிரித்தாள். வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன், "தங்கச்சி இப்படிச் சிரிச்சு நான் பாத்து வருசக்கணக்காச்சு" என்று பொண்டாட்டியிடம் சொன்னதாகக் கேள்வி.

மத்தியானம் பிரியாணி மாஸ்டர் ஒவைஸ் அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார்.

"அக்கா, நூத்தம்பது பேருன்னு சொன்னீங்க. இருநூறத் தாண்டிப் போவுது. பிரியாணி தேக்சா அடி தெரியுது."

"அதெப்படி பாய் தாண்டும்? வூட்டுக்கு ரெண்டு பேருன்னு போட்டேனே."

"படகு நிக்குதுல்ல. ஆம்பளைங்க, புள்ளைங்க, படகுல வேலை பாக்குறவங்க, எல்லாரும் வந்துகினே கீறாங்க. பசியோட வர்றாங்க அக்கா. இன்னொரு தேக்சா ஏத்தட்டா?"

"எம்மாம் ஆவும்?"

"பதினெட்டாயிரம். உங்களுக்கோசரம் சொல்றேன்."

"என்னை உசுரோட பொதைக்கத்தான் வந்துகிற நீ."

"வேணாம்னா சொல்லுங்க. எல போட்டும் துன்னாம ஒக்காந்துகீறவங்களாண்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

பந்தியைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை போட்ட குப்பத்து ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேலாகக் கடலுக்குப் போகாதவர்கள். ஒருத்தன் இலையை வழித்துவிட்டு இரண்டாவது முறை கை காட்டினான். ஏற்றச் சொல்லிவிட்டு, பணம் எடுக்கக் கீழே போனாள்.

படுக்கையறைக் கதவைத் தாழிட்டுத் தலையணை உறையைக் கட்டிலில் கொட்டினாள்.

முதல் கவரில் ஐம்பத்தொன்று. சரி, யாரோ சின்னப் பையன். அடுத்ததில் நூற்றியொன்று. அந்த வீட்டுப் பெண் கல்யாணத்துக்கு இவர்கள் வைத்தது இரண்டாயிரம்; அன்றைக்கு வீட்டில் கேஸ் தீர்ந்து கிடந்தது உட்பட அவளுக்கு நினைவிருக்கிறது. அடுத்ததும் நூற்றியொன்று. அடுத்ததில் ஒரு பத்து ரூபாய், ஒட்டிக்கொண்ட ஒரு ரூபாய்க் காசு, பெரிய எழுத்தில் பெயர். நோட்டெல்லாம் ஈரம் பட்டுச் சுருண்டு, லேசாக மீன் வாடை அடித்தது.

பிரித்தாள், பிரித்தாள். வியாசர்பாடிக்காரர்கள் வைத்ததையும் சேர்த்தால்கூடச் செலவில் பாதி தேறாது. ஒன்றேகால் லட்சத்தைத் தூக்கி அண்டாவில் போட்டுக் கிளறி ஊருக்குப் பரிமாறியிருக்கிறாள்.

பிரித்தவற்றில் மூன்று கவர் மட்டும் தடிமனாக இருந்தன. அன்பரசனின் பெரியப்பா மகன் அறிவு பத்தாயிரம், சித்தி செங்கொடி பத்தாயிரம், யார்டு நண்பன் தௌசீஃப் பத்தாயிரம். அந்த மூன்று பேரையும் மனதுக்குள் வாழ்த்தினாள். மனுஷன் என்றால் இவர்கள். முதல் இரண்டு கவரிலிருந்து எண்ணி எடுத்து ஒவைஸிடம் கொடுத்தனுப்பினாள். பிறகு அன்பரசனைக் கூப்பிட்டாள்.

பட்டு வேட்டியில் வந்து நின்றான். அவன் நின்ற தினுசிலேயே முதுகு வலிக்கிறது என்று தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"உங்க ஜனங்க வெச்ச மொய்யப் பாரு. வாங்குறப்ப மட்டும் ரெண்டாயிரம், மூவாயிரம். திருப்பி வெக்க நூத்தியொண்ணு."

"தடைக்காலம் மங்கை. கடல்ல எறங்காம துட்டு எங்கருந்து வரும்?"

"இத்த இப்ப சொல்றியே."

"அப்பவே சொன்னேன். ஆவணியில வெச்சுக்கலாம், படகு போய் நாலு துட்டு பாக்கட்டும்னு சொன்னேன்."

"ஒரே ஒரு தபா சொன்ன. ஏன்யா ரெண்டாவது தபா சொல்லல?"

அன்பரசன் சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உன்னாண்ட துட்டு விசயத்துல எவன் ரெண்டாவது தபா வாயத் தொறக்க முடியும்? ஒரு டீ குடிச்சாக்கூட கணக்கு சொல்லிகினு கீறேன். 'உனக்கு இன்னா தெரியும், மூணு மாச வட்டிய உங்க அக்காவா கட்டும்'னு கேட்ட. அத்தோட வாய மூடிக்கினேன்."

அவள் அப்படிக் கேட்டது நிஜம். இப்போது அதை மறுக்கவும் முடியவில்லை, ஒத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. இந்தப் பாழாய்ப்போன சிக்கனமெல்லாம் யாருக்காக என்று அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அவன் முதுகை நினைத்து உலுக்கவில்லை.

"எல்லாரையும் ஒண்ணா சொல்லாத" என்றான். "அக்கா கவரப் பிரிச்சியா?"

பிரிக்கவில்லை. குவியலுக்கு அடியில் கிடந்ததைத் தேடி எடுத்துப் பிரித்தாள். இருபதாயிரம். எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டுகள்.

"பாத்தியா" என்று சொல்லிவிட்டு அன்பரசன் அவசரமாக மேலே போய்விட்டான்.

மங்கை அந்தக் கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். காலையில் குப்பம்மா வந்தபோது அவள் காதில் இருந்தது கவரிங் என்று இப்போதுதான் நினைவுக்கு வந்தது. எப்போதும் போடுகிற எட்டுக்கல் கம்மல் இல்லை. அடகில் வைத்திருக்கிறாள். தம்பி வீட்டு விசேஷத்துக்கு இருபதாயிரம் வைப்பதற்காகக் காதைக் காலி பண்ணியிருக்கிறாள். அடகுக்கடை வட்டி எவ்வளவு, வங்கி வட்டி எவ்வளவு என்று மங்கைக்கா தெரியாது? தன் வட்டியைக் குறைக்கப் போய், இன்னொருத்தி தலையில் அதைப்போல இரண்டு மடங்கு ஏற்றி வைத்திருக்கிறாள். அவமானமாக இருந்தது.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. குப்பம்மா மொட்டை மாடியில், யாரும் சொல்லாமலே, மற்றப் பெண்களோடு உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மங்கை அவளைத் தனியாகக் கூட்டிவந்து கவரைக் கையில் திணித்தாள்.

"அண்ணி, இத்த எடுத்துகினு போங்க. மொதல்ல போய்க் கம்மல மீட்டுக்கங்க."

"இன்னா கம்மலு?"

"எனக்குத் தெரியும் அண்ணி. எங்க விசேசத்துக்கோசரம் அடகு வெச்சுகிறீங்க."

குப்பம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கம்மலு போன மாசமே போச்சுடி, அரிசி வாங்க. ஒவ்வொரு தடைக்கும் போவும், படகு போனா வூட்டுக்கு வரும். உன் விசேசத்துக்கு நான் ஏன் வெக்கணும்?"

"அப்ப இந்தத் துட்டு?"

"இத்த எனக்குக் குடுக்காத. அவன்கிட்ட குடு."

மங்கைக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"என் தம்பி துட்டுதான் இது. முந்தாநேத்து வூட்டாண்ட வந்தான். அக்கா, நம்ம ஜனங்க கைல ஒண்ணியும் இல்ல, மங்கை முன்னாடி நம்ம மானம் போவும், உன் பேர்ல இத்த வெச்சுடுன்னு கெஞ்சினான். நான் மாட்டேன்னேன். கால்ல வுழாத கொற. எம் பேரெழுதி அவன் துட்ட அவன் வூட்டுக்கே மொய் வெக்கிற பொழப்பு எனக்கெதுக்குடி? கைகூசிப் போச்சு." குப்பம்மா கவரைத் திருப்பி மங்கை கையில் வைத்தாள். "நான் வெச்சது ஐந்நூறு. உம் பொண்ணு கைல கீது. அதுதான் என்னுது. அத்த மட்டும் நீ எடுத்துக்க."

மங்கை கவரைத் திறந்து நோட்டுகளை மறுபடி பார்த்தாள். நாளெல்லாம் நோட்டு எண்ணுகிறவள் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டாள்? காசிமேட்டில் மீன் விற்கிற கைக்கு வரும் நோட்டு இப்படி மடிப்புக் கலையாமல், வாடை இல்லாமல் இருக்காது.

"யாரு குடுத்தாங்க அவருக்கு இம்மாம் துட்டு?"

"அவன் வண்டி ஓனரு. இன்னா சொல்லி வாங்கினான்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு குப்பம்மா பாத்திரங்களிடம் போனாள்.

மங்கை படிக்கட்டில் இறங்கியது அவளுக்கே தெரியாது. படுக்கையறையில் அன்பரசன் வேட்டியை மாற்றி லுங்கி கட்டியிருந்தான். கட்டில்மேல் அவனுடைய பழைய கறுப்புப் பை. அதில் இரண்டு சட்டை, துண்டு, தண்ணீர் பாட்டில். வினிதா அறை வாசலில், அவிழ்த்த முந்தி முடிச்சோடு நின்றிருந்தாள். உள்ளங்கையில் சுருண்ட ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு.

"அம்மா, நைனா இன்னிக்கே தூத்துக்குடி போறாராம்" என்றாள்.

மங்கை கவரைக் கட்டிலில் போட்டாள்.

"எம்மாம் வாங்கின?"

"ஐம்பது."

"இதுல இருவதுதான் கீது."

அன்பரசன் கட்டிலில் பிரித்துக் கிடந்த கவர்களில் மூன்றைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அறிவு வெச்சது?"

தலையாட்டினான்.

"சித்தி?"

"உம்."

"தௌசீஃபுமா?"

"அவன் ஆயிரம் வெச்சான் மங்கை. ஒம்பது நான் போட்டேன். மிச்சம் ஆயிரம் வழிச் செலவுக்கு வெச்சுகினு கீறேன்."

மத்தியானம் அவள் மனதார வாழ்த்தியதெல்லாம் இவனுக்குத்தான் போலிருக்கிறது. மங்கைக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியில் அழுகையாகிவிட்டது. மகள் முன்னால் அழுவது பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எதுக்குயா? எனக்குத் துட்டு வந்துட்டதா ஏமாத்தவா?"

"நீ அந்தத் தலகாணி உறையப் புடிச்சிகினு சிரிச்ச பாரு. அதுக்குத்தான்னு வெச்சிக்கயேன்" என்றான். "வருசம் பூரா எங்களாண்ட வேணாம், வேணாம்னே சொல்லிகினு கீற. ஒரு நாளாவது நீ நெனச்சது நடக்கட்டுமேன்னு தோணிச்சு. ஆடி முடியறவரைக்கும் தூத்துக்குடி லைன் ஓட்டறேன்னு ஓனராண்ட சொல்லிட்டேன். கடன் கழிஞ்சுடும்."

"எந்த முதுக வெச்சிகினு ஓட்டுவ?"

போன் அடித்தது. திரையில் ஓனர் பக்தவச்சலத்தின் பெயர். அவன் கை நீட்டுவதற்குள் மங்கை எடுத்துவிட்டாள்.

ஒவைஸுக்குப் போன பதினெட்டாயிரம் போக, கட்டிலில் கிடப்பதை எல்லாம் வழித்தால் ஐம்பது தேறும். ஐம்பத்தொன்றும் நூற்றியொன்றும் சேர்த்தாவது தேற்றிவிடலாம். இந்த வருஷம் வங்கிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போகாது. போகட்டும். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயில் அந்த வார்த்தை வந்தது, போகட்டும் என்று.

"ஓனரே, நான் அன்பரசன் வூட்ல பேசறேன். நீங்க குடுத்த ஐம்பதும் ரெடியா கீது. இப்பவே வந்து வாங்கிகினு போங்க. அவரு தூரத்துக்கு வரமாட்டாரு."

அந்தப் பக்கம் யார்டில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது.

"துட்டு யாருக்கும்மா வேணும்?" என்றார் பக்தவச்சலம். திட்டுகிற குரல்கூட இல்லை, களைத்துப்போன குரல். "அவரு வார்த்தைய நம்பி, கைல இருந்த வேற டிரைவர ஊருக்கு அனுப்பிட்டேன். லோடு ஏத்தி வண்டி நிக்குது. ஆறு மணிக்குள்ள வெளிய எடுக்கலன்னா பார்ட்டி என் கழுத்தப் புடிப்பான். எனக்கு ஆளு வேணும். ஆள அனுப்புங்க."

லைன் அறுந்துவிட்டது.

மங்கை திரும்பினாள். அன்பரசன் ஆணியில் தொங்கிய, முதுகு வலிக்குப் போடுகிற இடுப்புப் பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்து, மூச்சை உள்ளே இழுத்து, பட்டையைச் சுற்றினான். அது பின்னால் முறுக்கிக்கொண்டது. எட்டிப் பிடிக்க முதுகு திரும்பவில்லை. இரண்டு தரம் முயன்றுவிட்டு, கையைத் தொங்கப் போட்டான்.

"கொஞ்சம் இஸ்து வுடு மங்கை" என்றான்.